யாருடைய பணம்? யாருடைய நீதி?

இலங்கையில் ஆட்சியாளரை நோக்கிக் கேள்வி எழுப்பும் எந்த அமைப்பும் எதிர்கொள்ள வேண்டிய பதில்கேள்வி ஒன்றுண்டு: "உங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?" கேள்வி நியாயமானதே. ஆனால் அதனைக் கேட்பவர்களின் நோக்கம் எப்போதும் நியாயமானதாக இருந்ததில்லை என்பதையே வரலாறு காட்டுகின்றது.

1971 ஆம் ஆண்டு ஜே.வி.பி. கிளர்ச்சியைத் தொடர்ந்து மனித உரிமைகளுக்கான சிவில் உரிமைகள் இயக்கம் தோன்றியது. 1979 இல் இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் உருவானது. 1982 இல் கலாநிதி நீலன் திருச்செல்வத்தின் முன்முயற்சியில் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் ஆரம்பிக்கப்பட்டபோது, அமெரிக்காவின் ஃபோர்ட் மன்றம் அதற்கு நிதி வழங்கியது. ஆபிரிக்கா பற்றிய 1989 ஆம் ஆண்டு அறிக்கையில் உலக வங்கி ஆட்சிமுறையின் நெருக்கடியைப் பற்றிப் பேசிய பின்னர், 'நல்லாட்சி' என்பது கொடையாளர் நாடுகளின் அகராதியில் நிரந்தர இடம் பெற்றது.

அரசோ ஆரம்பத்திலிருந்தே சந்தேகக் கண்ணுடனேயே நோக்கியது. 1980 இன் 31 ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவையும் மேற்பார்வையையும் அரசின் கையில் வைத்தது. 1990 டிசம்பரில் ஜனாதிபதி பிரேமதாச, அரச சார்பற்ற நிறுவனங்களை ஆராய ஆணைக்குழுவொன்றை நியமித்தார். கிராமங்கள் தோறும் வேரூன்றியிருந்த சர்வோதய இயக்கமும் அதன் நெருக்குதலுக்குத் தப்பவில்லை. 1998 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், மோசடிக் குற்றச்சாட்டுக்குள்ளான அமைப்புகளுக்கு இடைக்கால நிர்வாக சபையை நியமிக்க வழிவகுத்தது. யுத்தம் முடிந்த மறுவருடம், 2010 இல், இந்நிறுவனங்களின் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2014 ஜூலையில் அச்செயலகம் விடுத்த சுற்றறிக்கை, ஊடக மாநாடுகளையும் ஊடகவியலாளருக்கான பயிற்சிகளையும் நடத்தக்கூடாதெனக் கூறியது. கணக்குப் பார்ப்பதற்கும் வாய்க்குப் பூட்டுப் போடுவதற்கும் வித்தியாசம் இல்லையா?

வெளிநாட்டுப் பணமே குற்றமென்றால் முதற் குற்றவாளி அரசு அல்லவா? 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய கொடையாளர் மாநாடு இலங்கைக்கு வாக்களித்த தொகை சுமார் 450 கோடி டொலர். அதனைப் பெறுவதில் எவரும் தேசத்துரோகத்தைக் காணவில்லை.

எனினும் அமைப்புகளின் பக்கத்திலும் குறைகள் உண்டு. கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிக்கை கொடையாளரின் மேசையை அடைகிறது. அதற்குச் சாட்சியமளித்த வன்னிக் கிராமத்தவரின் கைக்கு அது திரும்புவது அரிது. நீதிக்கான தேடல் தலைமுறைகள் நீள, நிதித் திட்டமோ இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது.

ஆயினும் பயன் விளையவில்லை என்று கூறிவிட முடியாது. 2018 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடியவர்களுள் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் ஒன்று. டிசம்பர் 13 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அக்கலைப்புச் சட்டவிரோதமானதெனத் தீர்ப்பளித்தது. ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் ஸ்ரீலங்கா அமைப்பும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில், பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ச சகோதரர்களும் உயரதிகாரிகள் சிலரும் பொறுப்பானவர்கள் என 2023 நவம்பர் 14 ஆம் திகதி அதே நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. குடிமக்கள் தனித்தனியே நின்று இத்தகைய வழக்குகளை நடத்துவது எளிதன்று.

2025 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தினார். ஜூலை முதலாம் திகதியுடன் யூ.எஸ்.எயிட் நிறுவனத்தின் உதவிப் பணிகளும் முடிவுக்கு வந்தன. வோஷிங்டனில் இடப்பட்ட ஒரு கையெழுத்து, இங்குள்ள அமைப்புகளின் அலுவலகங்களையும் ஆட்டங்காணச் செய்தது. கொழும்பின் சுற்றறிக்கைகளால் சாதிக்க முடியாததை நிதிநிறுத்தம் சாதித்துவிடக் கூடாது.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தது எந்தக் கொடையாளரின் அழைப்பின் பேரிலும் அல்ல. பிள்ளைகளைத் தேடியே அமர்ந்தார்கள். இவர்களின் வழக்குகளை நடத்தவும் சாட்சியங்களைப் பேணவும் பணம் தேவை. அதனை உள்நாட்டிலும் புலம்பெயர் சமூகத்திலும் சிறு சிறு தொகைகளாகத் திரட்டி, கணக்கினை அந்த மக்களின் முன்னிலையிலேயே வைக்கும் வழக்கம் உருவாக வேண்டும். "யாருடைய பணம்?" என்ற கேள்விக்கு அப்போது தயக்கமின்றிப் பதில் கூறலாம்.