பைக் பெட்ரோல் செலவை வருமான வரியில் கழிக்க முடியுமா? சம்பளதாரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மும்பை செம்பூரில் வீடு. மருந்து நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி வேலை. காலையில் மாட்டுங்காவில் இரண்டு டாக்டர்கள், மதியம் தாராவி 90 அடி சாலையில் நான்கு கிளினிக்குகள் என்று நாள் முழுக்க பைக்கில் அலைச்சல். இப்படி ஒருவர் பெட்ரோல் பில்லை எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருந்தா, ஐ.டி.ஆர் தாக்கல் செய்யும்போது கழிச்சுக்கலாமா?

முடியாது. ஆனால், நிறுவனத்தின் வழியாக வரியைக் குறைக்க முடியும்.

ஏன் நேரடியாகக் கழிக்க முடியாது?

தொழில் செய்பவர்கள் செலவு போக மீதிக்குத்தான் வரி கட்டுகிறார்கள். சம்பளதாரருக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பதிலாக ‘ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்’ எனும் நிலையான கழிவு உண்டு. 2025-26 நிதியாண்டுக்கு புதிய வரி முறையில் ரூ.75,000, பழைய முறையில் ரூ.50,000. இதற்கு எந்த பில்லும் வேண்டாம்.

வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வரும் செலவுக்கு மாதம் ரூ.1,600 வரை இருந்த வரிவிலக்கும், 2018-ல் இந்தக் கழிவு வந்தபோது பொதுவாக நீக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் மாதம் ரூ.3,200 வரை தொடர்ந்தது.

நிறுவனம் பணம் கொடுத்தால்?

அலுவலக வேலையாக வெளியே செல்வதற்கென்று நிறுவனம் பயணப்படி கொடுத்தால், அதில் உண்மையில் செலவான தொகைக்கு வரி இல்லை. புதிய வரி முறையிலும் இது பொருந்தும்.

சொந்த வண்டியின் செலவை நிறுவனம் திருப்பித் தருகிறது, வண்டியோ ஆபீஸ், வீடு இரண்டுக்கும் ஓடுகிறது என்றால் மாத வரம்பு உண்டு. 2025-26க்கு அது:

• பைக், ஸ்கூட்டர்: ரூ.900
• 1.6 லிட்டர் வரையிலான இன்ஜின் உள்ள கார்: ரூ.1,800
• அதற்கு மேல்: ரூ.2,400
• காருக்கு டிரைவர் இருந்தால் கூடுதலாக ரூ.900

உதாரணமாக, பைக்குக்கு மாதம் ரூ.4,000 வந்தால், ரூ.900 போக ரூ.3,100 சம்பளத்தோடு சேரும். அலுவலகப் பயன்பாடு இதைவிட அதிகம் என்று காட்ட, தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு எழுதிய பதிவேடும், நிறுவனத்தின் சான்றும் தேவை.

‘எனக்கு ஃபார்ம் 16 இல்ல, 16ஏ தான் வருது’

அப்படியானால் வரியைப் பொறுத்தவரை நீங்கள் ஊழியர் அல்ல, ஆலோசகராக இருக்கலாம். தொழில் வருமானமாகக் காட்டி, வேலைக்கான பெட்ரோல், சர்வீஸ், காப்பீடு, வண்டியின் தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கலாம். சொந்த உபயோகத்துக்கான பங்கைச் சேர்க்கக் கூடாது.

‘ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்’ என்றால்?

பொய்க் கழிவுகளைக் காட்டி ரிட்டர்ன் போட உதவியவர்களைக் குறிவைத்து, ஜூலை 14, 2025 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. மகாராஷ்டிரா, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் அதற்கு முன்பே நடவடிக்கை தொடங்கியிருந்தது.

தவறான தகவலால் குறைந்த வரியில் 200% வரை அபராதம் உண்டு. 20% வரம்பில் இருப்பவர் ரூ.50,000 பொய்யாகக் கழித்தால், மிச்சமாவது ரூ.10,000. பிடிபட்டால் அந்த வரியோடு ரூ.20,000 அபராதம், வட்டி தனி. நோட்டீஸ் வருவது ஏஜென்ட்டுக்கு அல்ல, உங்களுக்கு. ஏற்கெனவே தவறு செய்திருந்தால், நோட்டீஸ் வரும் முன்பே கூடுதல் வரி கட்டி ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ தாக்கல் செய்யலாம்.

என்ன செய்யலாம்?

முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26ல் புதிய முறையில் சம்பளம் ரூ.12.75 லட்சத்துக்குள் இருந்து வேறு வருமானம் இல்லையென்றால், வரியே வராது. பில் சேர்க்கவும் தேவையில்லை. அதற்கு மேல் என்றால், சம்பளத்தில் பயணப்படியோ, வாகனச் செலவைத் திருப்பித் தரும் வசதியோ உண்டா என்று நிதியாண்டின் தொடக்கத்திலேயே எச்.ஆரிடம் கேளுங்கள். ஏப்ரல் 1, 2026 முதல் வருமான வரிச் சட்டம் 2025 அமலுக்கு வருவதால், அதன்பிறகான மாதங்களுக்குப் புதிய வரம்புகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டை அன்றன்றைக்கே எழுதுங்கள். ஜூலையில் ஆடிட்டரிடம் ஓடினால், போன வருஷக் கிலோமீட்டரை யாராலும் எழுதித் தர முடியாது.