ஹேரியட் பவர்ஸ்: தைத்து வைத்த வரலாறு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் நகருக்கு அருகே 1837இல் அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ். ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற தாய். அவர் தைத்தவற்றில் இரண்டே இரண்டு குவில்ட்டுகள், அதாவது ஒட்டுத்துணிப் போர்வைகள், இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். இரண்டையும் நாட்டார் கலை என்று வியந்து பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு போதாது. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதை 1829லேயே சட்டம் போட்டுத் தடுத்த மாநிலம் ஜார்ஜியா. அங்கே தம் மக்களின் நினைவைத் திரட்டி, தேர்ந்து, வரிசைப்படுத்திக் காத்தவர் பவர்ஸ். ஒரு நூலகர் செய்கிற வேலைதான் இது.

பாஸ்டனில் உள்ள போர்வையைப் பாருங்கள். மொத்தம் 15 கட்டங்கள். யோபு, யோனா, ஆதாம் ஏவாள் என்று விவிலியக் கதைகளே மிகுதி. அவற்றின் நடுவே, சற்றும் வேறுபாடு காட்டாமல், நடந்த நிகழ்ச்சிகளும் இடம்பெறுகின்றன. ஒரு கட்டத்தில் துணியில் வெட்டித் தைத்த நட்சத்திரங்கள் சிதறிக் கிடக்கின்றன. கீழே மனிதர்கள் நிற்கிறார்கள். நட்சத்திரங்களைத் தடுத்து நிறுத்தும் இறைவனின் கையும் தெரிகிறது. அது 1833 நவம்பர் 13 அன்று வட அமெரிக்காவையே கலங்கடித்த லியோனிட் விண்கல் மழை. பவர்ஸ் பிறப்பதற்கு நான்கு ஆண்டு முந்தையது. இன்னொரு கட்டம், காட்டுத்தீப் புகையால் நியூ இங்கிலாந்தில் பட்டப்பகலே இருண்டுபோன 1780 மே 19. இவற்றை அவர் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. அறுபது, நூறு ஆண்டுகளாகச் செவிவழி வந்த செய்திகளில் எவை மறக்கத்தகாதவை என்று அவரே முடிவு செய்திருக்கிறார்.

இந்த விளக்கங்கள் எல்லாம் பிறர் எழுதிய குறிப்புகளிலிருந்து வந்தவைதானே, அவற்றை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு வலுச் சேர்க்க ஒரு பிழையையும் காட்டலாம். அதே போர்வையின் இன்னொரு கட்டம் காட்டும், பலர் உறைந்து இறந்த 'குளிர் வியாழன்' 1895 பிப்ரவரி 10 என்கிறது குறிப்பு. நாட்காட்டிப்படி அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பு, பிப்ரவரி 7, வியாழக்கிழமை. அமெரிக்கத் தெற்கை உலுக்கி, ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் கருக்கிய பெருங்குளிர் வந்திறங்கியதும் அந்த நாளையொட்டித்தான். ஆக, கிழமை தப்பவில்லை. தேதி எண் மட்டுமே வழுவியிருக்கிறது. அச்சிட்ட நாளேடுகளிலும் இத்தகைய பிழைகள் உண்டு. அதற்காக நாளேட்டை யாரும் ஒதுக்கிவிடுவதில்லை. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய பன்றியும் அதே போர்வையில் இருக்கிறதே, அதுவும் வரலாறா என்று கேட்பார்கள். வடக்கு நோக்கிய அந்த ஓட்டத்தில் அடிமைகளின் தப்பித்தலைக் காண்பவர்கள் உண்டு. அந்த ஊகம் இல்லாமலே என் வாதம் நிற்கும். ஒரு மக்கள்கூட்டம் எதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது என்பதும் வரலாற்றுக்கு வேண்டிய செய்திதான்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அவர் 1896இல் எழுதிய கடிதமொன்றின் படியை ஆய்வாளர் கைரா ஹிக்ஸ் வெளிக்கொணர்ந்த பிறகு அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. தாம் படிக்கக் கற்ற விதத்தையும், தைத்த வேறு போர்வைகளையும் அதில் அவர் சொல்லியிருக்கிறார். தம் படைப்பின் மதிப்பும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. 1886இல் ஏதென்ஸ் பருத்திக் கண்காட்சியில், இன்று ஸ்மித்சோனியனில் உள்ள முதல் போர்வையைக் கண்ட ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் அதை விலைக்குக் கேட்டார். எவ்வளவு கொடுத்தாலும் தர முடியாது என்று மறுத்துவிட்டார் பவர்ஸ். சில ஆண்டுகளில் குடும்பம் நொடித்தது. பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுக்கும்போதும் கட்டம் கட்டமாகப் பொருள் சொல்லிவிட்டே கொடுத்தார். ஸ்மித் அதை எழுதிக்கொண்டார். பிள்ளைகுட்டிகளின் வயிற்றுக்காகப் போர்வையைக் கைமாற்றிய நேரத்திலும் அதன் பொருள் தொலைந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டவரை வெறும் கைவினைஞர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது அநீதி. 1833ஆம் ஆண்டு விண்கல் மழையைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் வானியலாளர்களின் குறிப்புகளோடு ஹேரியட் பவர்ஸின் போர்வையையும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும்.