பிரக்ஞை மங்கியோரும் பல்புலன் சிகிச்சை அறையும்

நெதர்லாந்து தேசத்தில், மனவளர்ச்சி குன்றியோரைப் பேணிவந்த ஹார்டன்பெர்க் இல்லத்தில், 1970-களில் யான் ஹுல்செகெ, ஆட் ஃபெர்ஹூல் என்னும் இருவர், மோந்தறிதலையும் கண்ணயர்தலையும் குறிக்கும் இரு டச்சுச் சொற்களைப் பிணைத்து 'ஸ்னூஸெலன்' எனப் பெயரிட்டு உருவாக்கிய அறை, மங்கிய ஒளியும் குமிழிகள் மேலெழும் வண்ணக்குழாயும் அதிரும் மெத்தையும் மெல்லிசையும் நறுமணமும் கூடியதாய், நோய் தீர்ப்பதற்கென்றன்றி, உள்ளே வருவோர் எவர் கட்டளையுமின்றித் தம் இந்திரியங்களுக்கு இனியதைத் தாமே நாடி மகிழ்வதற்கென்றே அமைந்தது.

கடுமையான மூளைக்காயத்தால் பிரக்ஞை மங்கிக் கிடப்போரின் சிகிச்சைக்கு இவ்வறை வந்தபோது, அதற்கு ஆதாரமான அந்த நாட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், கை நீட்டித் தொடவோ முகம் திருப்பி விலக்கவோ சக்தியற்ற நோயாளிக்காக ஒளியையும் ஒலியையும் பிறரே தேர்கின்றனர். புலன்களை எவ்வளவு தூண்டுகிறோமோ அவ்வளவு அறிவு விழிக்கும் என்ற நம்பிக்கையும் உடன் புகுந்தது. அதற்குப் போதிய பிரமாணமில்லை. நினைவிழந்தோருக்குப் புலன்தூண்டலால் விளையும் பயனை ஆராய்ந்து 2002-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 68 நோயாளிகளை உள்ளடக்கிய 3 ஆய்வுகளையே ஏற்று, அவற்றைக் கொண்டு பலனை நிறுவ இயலாதென முடித்தது. ஓயாத தூண்டல் சிதைந்த மூளைக்கு வெறும் இரைச்சலாகிவிடும் என்றும், தூண்டலை அளவறிந்து ஒழுங்குபடுத்துவதே தேவை என்றும் நரம்பியல் உளவியலாளர் ராட்ஜர் உட் 1991-இலேயே வாதித்திருந்தார். கடுமையான மூளைக்காயத்தினின்று மீண்டுவந்த 15 குழந்தைகளை இவ்வறையில் வைத்து நோக்கி 2006-இல் வெளியான ஆய்வு, இதயத்துடிப்புத் தணிந்ததும் இறுகிய தசை நெகிழ்ந்ததுமாகிய சாந்தியின் அடையாளங்களோடு அறிவுநிலையில் முன்னேற்றத்தையும் கண்டதாகக் கூறியது.

மணத்தை எடுத்துக்கொள்வோம். தலையில் பலத்த அடி விழும்போது, மூக்கின் மேற்கூரையான சல்லடை எலும்பின் துளைகளூடே செல்லும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்துபோவதுண்டு; தொண்டையில் துளையிட்டுக் குழாய்வழி மூச்சுவிடுவோருக்கோ காற்று நாசியைப் பெரும்பாலும் அணுகுவதே இல்லை. அத்தகையவர் அருகே வாசனைத் தைலத்தைக் கமழவிட்டு, அவர் அசையாதிருந்ததை உணர்வின்மைக்குச் சாட்சியாகக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது எத்தனை பெரிய அநியாயம்!

பார்வையின் நிலை இன்னும் கவலைக்குரியது. லண்டன் புட்னியிலுள்ள நரம்பியல் மருத்துவமனையில் கீத் ஆண்ட்ரூஸும் சகாக்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், உணர்வற்றவரென முடிவுகட்டி அனுப்பப்பட்ட 40 பேருள் 17 பேர் உண்மையில் உணர்வுடையோராயிருந்தனர். அந்தப் பதினெழுவருள் பெரும்பாலோர் பார்வை இழந்தவர் அல்லது பார்வை மிகக் குன்றியவர். வண்ண விளக்குகளையே பிரதானமாகக் கொண்ட அறை, இத்தகையோரை மறுபடியும் ஜடமென்று தள்ளிவிடும். அப்பதினெழுவரோ, பழகிய சிகிச்சையாளர் பொறுமையோடு காத்திருந்தபோது, ஏறக்குறைய அனைவருமே தம் விருப்பத்தைத் தெரிவித்தனர்.

ஆகவே, வண்ணக்குழாய்க்குப் பணம் ஒதுக்குமுன், நோயாளியின் கண்ணும் மூக்கும் பரிசோதிக்கப்படவும், சிறு விரலசைவுக்கே ஒலியெழுப்பும் பொத்தானொன்று அவர் கையருகே வைக்கப்படவும் மருத்துவமனைப் பொறுப்பாளர்கள் வகைசெய்யுமாறு வேண்டிக்கொள்கிறேன்.