சாலையில் ஓர் இடைவெளி

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ள உத்திரமேரூர் என்னுடைய ஊர். அங்கு வருவோர் பெரும்பாலும் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள குடவோலைக் கல்வெட்டுகளைக் காணவே வருவர். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் அமர்ந்த நாள்முதல், தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற நாள்வரை, ஆண்டுதோறும் ஒரு வகுப்பையாவது அச்சுவரின் முன் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கல்வெட்டன்று, மோட்டார் சைக்கிள். இரண்டுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். அவ்வுறவை எனக்குக் காட்டியவன் என் பழைய மாணவன் ஒருவன்.

நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு அவன் ஊன்றுகோலுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். ஒரகடத்தில் ஓர் ஆலையில் அவனுக்கு வேலை. வாலாஜாபாத் வழியாக நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்று திரும்புபவன். ஒருநாள் மாலை, ஆலைகள் விடும் நேரத்தில், சாலையில் வண்டிகள் இரு வரிசையாக நின்றுவிட்டன. இடப்புறம் லாரி, வலப்புறம் கார். இவன் இரண்டிற்கும் நடுவே மெல்லச் சென்றான். கார் ஓட்டியவர் கண்ணாடியைப் பாராமல் இடப்பக்கம் ஒடித்துவிட்டார். இவன் கால் எலும்பு இரண்டிடத்தில் முறிந்தது. இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தபோது எதிர்த்தரப்பு வக்கீல், "அந்தச் சந்தில் உம்மை யார் புகச் சொன்னது?" என்று கேட்டாராம்.

"ஐயா, எல்லோரும் போகிற வழியில்தான் நானும் போனேன். போகக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? போகலாம் என்றுதான் எங்கே எழுதியிருக்கிறது? சட்டம் என்றால் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்கவேண்டும் என்று கோயிற் சுவரைக் காட்டி எங்களுக்குச் சொன்னவர் நீங்கள்தானே?" என்றான் அவன்.

எனக்கு விடை தெரியவில்லை. சரித்திர ஆசிரியனிடம் கேட்ட கேள்விக்குச் சரித்திரத்தில்தான் விடை தேடவேண்டும் என்று துணிந்தேன். அந்தத் தேட்டத்தின் பயனே இப்பேச்சு.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். ஒரு காரின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். இரண்டு கார்கள் தத்தம் தடத்தின் நடுவே நின்றால் இடையில் 1.8 மீட்டர் வெளி கிடைக்கும். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலமோ முக்கால் மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே அது தாராளமாகப் போய்விடும். ஆனால் கார்களுக்குப் பதிலாக இரண்டரை மீட்டர் அகலமுள்ள ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் நின்றால், எஞ்சுவது ஒரே மீட்டர். ஓட்டுபவனுக்கு இருபுறமும் ஐந்து விரற்கிடை மிஞ்சும். 'கேப் இருந்தது, புகுந்தேன்' என்று இளைஞர்கள் சொல்கிறார்களே, அந்தக் 'கேப்' இதுதான். அதுவும் வண்டிகள் தடத்தின் நடுவே ஒழுங்காக நின்றால்தான். நம் சாலையில் அவ்வாறு நிற்கும் லாரியை நான் அதிகம் கண்டதில்லை.

இனி, தடம் என்னும் கருத்து எவ்வாறு பிறந்தது என்று பார்ப்போம். வண்டிகள் இடப்புறமே செல்லவேண்டும் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1835-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் விதித்தது. அப்போது சாலையில் ஓடியவை குதிரை வண்டிகளே. ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய மரச் சட்டத்து இருசக்கர வண்டியை ஓடச் செய்தது 1885-இல். சாலையின் நடுவே வெள்ளைக் கோடு இழுக்கும் வழக்கம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1911-இல் தோன்றியது. கோடு காருக்காக இழுக்கப்பட்டது; தடத்தின் அகலமும் கார், லாரி ஆகியவற்றைக் கொண்டே அளக்கப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கும் நிரப்பாத மோட்டார் சைக்கிளைக் கோடு இழுத்தவர்கள் கருதவில்லை. பின்னால் விளைந்த குழப்பம் முழுதும் இவ்வொரு மறதியிலிருந்து கிளைத்தது என்பது என் எண்ணம்.

நம் நாட்டு 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பத்தாம் அட்டவணை மிகச் சுவையான ஏடு. மோட்டார் ஓட்டுவோர் சாலையின் இடப்புறமாகச் செல்லவேண்டும். முன்னே செல்லும் வண்டியை வலப்புறமாகவே முந்தவேண்டும் என்று அது கட்டளையிட்டது. பிறகு இரண்டு விலக்குகளைக் கூறிற்று. வலப்புறம் திரும்பப் போவதாகச் சைகை காட்டிச் சாலையின் நடுவே வந்துவிட்ட வண்டியை இடப்புறமாகக் கடக்கலாம். டிராம் வண்டியையோ எப்பக்கமாகவும் கடக்கலாம். ஆயினும் பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ விளையும் வகையிற் கடத்தலாகாது. தண்டவாளத்தை விட்டு டிராம் விலக முடியாது. அதன் இயல்பைக் கண்டு சட்டம் தன்னைச் சற்று வளைத்துக்கொண்டது. சென்னையில் 1895-இல் ஓடத் தொடங்கிய டிராம் 1953-இல் நின்றுபோயிற்று. நாற்பதுகளில் அது சாலையின் பெரும் பிரச்சினை, ஆதலால் அதற்கு ஒரு விதி கிடைத்தது.

மோட்டார் சைக்கிளுக்கு ஏன் கிடைக்கவில்லை? அப்போது அது அரிய பொருள். 1951-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் பதிவான மோட்டார் இருசக்கர வண்டிகள் ஏறத்தாழ 27,000 மட்டுமே. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை 1955-இல்தான் எழுந்தது. 2011-ஆம் ஆண்டிலோ இருசக்கர வண்டிகளின் தொகை பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது. இன்று எங்கள் காஞ்சிபுரம் மாவட்டமே மோட்டார் சைக்கிள் விளையும் பூமி. ராயல் என்ஃபீல்டு ஆலை ஒரகடத்தில் 2013-இலும், வல்லம் வடகாலில் 2017-இலும் தொடங்கின; யமஹா ஆலையும் வல்லம் வடகாலில் உண்டு. நெல் விளைந்த ஏரிக்கரை ஊர்களின் பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலைகளுக்கு மோட்டார் சைக்கிளிலேயே செல்கிறார்கள்.

தொகை இவ்வாறு பெருகியும் சட்டம் வாய் திறக்கவில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டம், 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகள், அவற்றிற்குப் பதிலாக 2017-இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அனைத்தையும் புரட்டினேன். தடம் வகுத்த சாலையில் தடத்திற்குள்ளேயே செல்க, சைகை காட்டியபின்பே தடம் மாறுக என்பது விதி. கால்நடையாகச் செல்வோர், சைக்கிள் ஓட்டுவோர், குழந்தைகள், முதியோர் ஆகியோரிடம் தனிக் கருத்துச் செலுத்தவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் அழகாகவே சொல்கின்றன. சட்டத்துக்கு மாறாக முந்துவது ஆபத்தாக ஓட்டும் குற்றத்துள் அடங்கும் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஆனால் நின்ற வரிசைகளின் இடையே இருசக்கர வண்டி புகுவதைப் பெயர் சொல்லி அனுமதிக்கும் வரியோ, பெயர் சொல்லி விலக்கும் வரியோ எனக்கு அகப்படவில்லை. விதியை எழுத்துப்படி கொண்டால் அது தவறு. வழக்கத்தைக் கொண்டால் அதுவே ஊர் நடப்பு. காவலர் நிற்கும் நாற்சந்தியிலும் அவர் கண்ணெதிரே நடப்பது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். இவை எல்லாம் இடையிற் புகுந்ததனால் நேர்ந்தவை அல்ல. எனினும், இருசக்கர வண்டியும் ஏனைய வண்டிகளும் சாலையை எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பது சிறு கேள்வியன்று என்பதற்கு இத்தொகைகள் போதும்.

பிற நாட்டார் என்ன செய்தனர்? என் மாணவனின் வழக்கைப் போன்ற ஒன்றை இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966-இலேயே தீர்த்திருக்கிறது. நின்ற வண்டி வரிசையைக் கடந்து சென்ற மோட்டார் சைக்கிள்காரர்மீது, வரிசையின் இடைவெளி வழியே கிளைச் சாலையிலிருந்து வெளிவந்த கார் மோதிற்று. பவல் எதிர் மூடி என்பது வழக்கின் பெயர். பொறுப்பில் நூற்றுக்கு எண்பது பங்கு மோட்டார் சைக்கிள்காரருடையது என்று தீர்ந்தது. பிற்காலத்தில் வேறு விதமான தீர்ப்புகளும் அங்கே வந்துள்ளன. ஆயினும் அந்நாட்டுச் சாலைக் கையேடு இரு சாராரிடமும் பேசுகிறது. இருசக்கர வண்டிக்காரரிடம், 'இடையே செல்வதாயின் வேகத்தைக் குறைத்துக் கவனமாகச் செல்' என்கிறது. கார்க்காரரிடம், 'வரிசைகளின் ஊடே மோட்டார் சைக்கிள் வரக்கூடும், பார்த்துக்கொள்' என்கிறது. இந்த இரண்டாவது வாக்கியம் நம் நாட்டில் எழுதப்பட்டிருந்தால், அந்த வக்கீலிடம் என் மாணவன் ஒரு பதில் கூறியிருப்பான்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கும் பல்லாண்டுகள் சட்டம் மௌனமாகவே இருந்தது. மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு எல்லோரும் இடையே சென்றனர். 2013-இல் நெடுஞ்சாலைக் காவல் துறை அறிவுரை ஒன்றை வெளியிட்டது. மற்ற வண்டிகளைவிட மணிக்குப் பத்து மைலுக்கு மேல் விரையாதே, மற்றவை முப்பது மைல் வேகத்தை எட்டினால் இடையே புகாதே என்பது அதன் சாரம். ஒரு குடிமகன் எழுந்து, 'சட்டம் செய்யச் சட்டசபை இருக்கிறது; காவல் துறைக்கு அந்த அதிகாரம் ஏது?' என்று முறையிட்டார். 2014-இல் அறிவுரை விலக்கப்பட்டது. நல்ல அறிவுரை போய்விட்டதே என்று வருந்துவதா, குடிமகனின் உரிமை உணர்ச்சியை மெச்சுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறு ஆண்டு பெர்க்கிலி பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 6,000 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 997 பேர் இடையே சென்றபோது அடிபட்டவர்கள். அவர்களில் தலையில் காயமுற்றோர் நூற்றுக்கு 9 பேர். ஏனையோரில் 17 பேர். இதைக் கேட்டு யாரும் உடனே கைப்பிடியை முறுக்கவேண்டாம். இடையே சென்றவர்கள் பெரும்பாலும் மெதுவாகச் சென்றவர்கள். நல்ல தலைக்கவசம் அணிந்தவர்களும் அவர்களுள் மிகுதி. மற்ற வண்டிகளைவிடப் பதினைந்து மைலுக்கு மேல் விரைந்தவர்களுக்குக் காயமும் மிகுந்தது. 2016-இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. 2017 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் வரைந்த மசோதாவில் வேக அளவுகள் இருந்தன. விவாதத்தில் அவை உதிர்ந்துபோயின. இடையே செல்வது இன்னதென்ற இலக்கணமும், அறிவுரை கூறக் காவல் துறைக்கு அதிகாரமுமே எஞ்சின.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் எண்ணை விடவில்லை. 2014 ஜூலை முதல் அங்கே இடையே செல்லலாம்; முப்பது கிலோமீட்டர் வேகத்திற்கு மேற்படலாகாது. பிரான்சு நாட்டார் 2016-இல் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் பார்த்தபின் 2025-இல் சட்டமாக்கினர். மலேசியாவிலோ வழியே வேறு. கோலாலம்பூரை அடுத்த கூட்டரசு நெடுஞ்சாலையில் எழுபதுகளின் தொடக்கத்திலேயே மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப் பாதை ஒன்றைப் பக்கத்தில் அமைத்துவிட்டனர். ஆலைகள் நிறைந்த எங்கள் பக்கத்துச் சாலைகளுக்கு இதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. இடமும் பணமும் வேண்டும் என்பார்கள். எங்கள் சாலைகளை அகலப்படுத்தியபோது இரண்டும் இருந்தன.

இனி என் ஊர்ச் சுவருக்கு வருகிறேன். அங்கே கல்வெட்டு ஒன்றன்று, இரண்டு. முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-இல், முதலாவது வெட்டப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 921-இல், சபையார் மீண்டும் கூடி அதைத் திருத்தினர். முதல் விதியின்படி வாரியத்துக்குரிய வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். திருத்திய விதியில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். (முதல் விதி நின்றிருந்தால் எனக்குத் தகுதியில்லை; இரண்டாவதன்படி வயதளவில் உண்டு.) முன்பு எழுதியதை நடைமுறை காட்டிக் கொடுத்தது, மறைக்காமல் புதிய விதியையும் கல்லிலேயே பொறித்தனர். இதை நான் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியும், என்னை மடக்கப் பயன்படும் என்று நினைத்ததில்லை.

இடையே செல்லலாம் என்று நம் சட்டம் அனுமதிக்கவேண்டும் என நான் வாதாடவில்லை. பஸ், லாரி, டிராக்டர், மாட்டுவண்டி, ஆட்டோ எல்லாம் ஒரே சாலையில் ஓடும் நாட்டில் கலிபோர்னியச் சட்டத்தைப் பெயர்த்து ஒட்டினால் ஒட்டாது. நின்ற வண்டிகளின் இடையே மட்டும், இன்ன வேகத்திற்குள், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே எக்காலத்தும் இல்லை என்று எழுதலாம். அல்லது அறவே கூடாது என்று எழுதலாம். எதுவாயினும் எழுதவேண்டும். கார் ஓட்டுபவர் பார்க்கவேண்டிய கண்ணாடியைப் பற்றியும் அதே பக்கத்தில் எழுதவேண்டும்.

என் மாணவனின் வழக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் முடிந்தது. இருவர்மீதும் கவனக்குறைவு உண்டென்று கண்டு, இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழித்துக் கொடுத்தார்கள். இப்போது அவன் ஆலைப் பஸ்ஸில் வேலைக்குச் செல்கிறான். மோட்டார் சைக்கிளை விற்கவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பின்னால் அமர்த்திக் கோயிலுக்கு அழைத்துச் செல்வான். அதற்கென்று எனக்கும் ஒரு தலைக்கவசம் வாங்கி என் வீட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான். பஸ் நிலையத்தருகே வண்டிகள் அடைத்துக்கொண்டால், காலை ஊன்றி வரிசையின் பின்னாலேயே நிற்பான். பின்னால் வரும் பையன்கள் ஒலி எழுப்பிக்கொண்டு எங்கள் இருபுறமும் புகுந்து போவார்கள்.