கூடலூர் ஜென்ம நிலச் சட்டம்

நீலகிரி மாவட்டம் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் நிலம்பூர் கோவிலகம் முதலிய ஜென்மிகளிடம் (பரம்பரை நிலவுடைமையாளர்களிடம்) இருந்த சுமார் 80,000 ஏக்கர் நிலத்தை அரசின் வசமாக்கி, நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்கு மாற்றும் பொருட்டு 1969இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம். நிலச் சீர்திருத்தமாகத் தொடங்கி, அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்தின் எல்லையைப் பற்றிய வழக்காக வளர்ந்தது.

இவ்வட்டாரம் 1877இல் மலபார் மாவட்டத்திலிருந்து நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. கோவிலகத்தின் ஜென்ம உரிமை எப்படி ஏற்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு முன்பிருந்தே இங்கு வாழ்ந்தோராகக் கருதப்படும் பணியர், காட்டுநாயக்கர் பற்றி வழக்கு ஆவணங்கள் பேசுவது குறைவு. காப்பி, தேயிலைக் கம்பெனிகள் ஜென்மிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்கு நிலம் பெற்றன.

இச்சட்டத்தை எதிர்த்த பால்மடீஸ் தோட்ட வழக்கில் 1972 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம், காடுகளை அரசு எடுத்துக்கொள்வது வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று கூறிச் சட்டத்தின் அப்பகுதியை மட்டும் செல்லாததாக்கியது. நாடாளுமன்றம் விட்டுவிடவில்லை. 1974இல் 34ஆவது திருத்தத்தின் வழியே, நீதிமன்றம் தள்ளிய பகுதி உட்பட முழுச் சட்டத்தையும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அடிப்படை உரிமைகளுக்கு முரணானது என்று கூறி நீதிமன்றம் ரத்துசெய்ய முடியாதபடி சட்டங்களுக்குக் காப்பளிக்க 1951இல் உருவான அட்டவணை அது. நீதிமன்றம் தள்ளியதை நாடாளுமன்றம் இவ்வழியில் உயிர்ப்பிக்கலாமா? ஐ.ஆர். கொயெலோ வழக்கில் எழுந்த இக்கேள்வி 1999இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான அமர்வு 2007 ஜனவரி 11 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு நாளான 1973 ஏப்ரல் 24க்குப் பின் அட்டவணையில் சேர்ந்த சட்டங்கள், அக்கட்டமைப்பைச் சிதைக்கின்றனவா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்பதே அதன் சாரம். இதன்படி கூடலூர் சட்டம் நிற்குமா என்பதை அமர்வு தானே முடிவு செய்யாமல், மூன்று நீதிபதிகளுக்கு அனுப்பிவிட்டது.

இதே வட்டாரத்தில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து, கோவிலகக் குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12 ஆணை, நிலம் யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு காடே என்றது. தோட்டங்கள் காட்டுக்குள் விரிவதற்கும் தடை விதித்தது. ஒரு மலை வட்டாரம் நாட்டின் சட்டத்துக்கு இப்படி இரு பெரும் வழக்குகளைத் தந்தது அபூர்வம்.

ஜென்ம நிலச் சட்டத்தில் குத்தகைத் தோட்டங்களைக் குறித்த 17ஆம் பிரிவு இன்றும் பேசப்படுகிறது. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்றே அறியப்படும் இப்பகுதிகளில் குடியிருப்போர் பட்டாவும் மின் இணைப்பும் கோரி வருகின்றனர்.