சேந்தமங்கலமும் பேரரசுகளும்: கோப்பெருஞ்சிங்கனின் நட்பும் பகையும்

பகைவர் இருவராகவும் தான் துணையற்ற தனியனாகவும் நிற்கும் அரசன் யாது செய்தல் வேண்டும் என்னும் வினாவிற்குத் திருவள்ளுவர் 'பகைத்திறந்தெரிதல்' என்ற அதிகாரத்தில் விடை கூறியுள்ளார். அவ்விருவருள் ஒருவனை அப்போதைக்கேனும் நட்பாக்கிக்கொள்ளுதல் தக்கது என்பது அவர் கருத்து. அரசியல் நெறியாக நாம் நூலிற் பயிலும் இவ்வறிவுரை நாட்டு வாழ்க்கையில் எவ்வாறு நடைபெற்றது, எந்த அளவிற்குப் பயன்பட்டது என ஆராய விரும்புவார்க்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுநாடு சிறந்ததொரு களமாகும். அந்நாட்டில் சேந்தமங்கலத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் சோழர், பாண்டியர், போசளர், காகதீயர் ஆகிய நால்வர்க்கும் இடைப்பட்டு வாழ்ந்தவன்.

இவனைப் பற்றி வரலாற்று நூல்கள் பெரிதும் பேசுவது ஒரே செயலையேயாம். தன் பேரரசனாகிய மூன்றாம் இராசராச சோழனைச் சிறைப்படுத்தியமை அது. அதுகொண்டு இவனை நன்றி கொன்றவன் எனப் பழித்தாரும் உளர். மறைந்த பல்லவர் பெயரை மீண்டும் விளங்கச் செய்த வீரன் எனப் புகழ்ந்தாரும் உளர். இவ்விரு கூற்றும் இவனைத் தனியே நிறுத்தி நோக்கியதால் எழுந்தவை. சுற்றியிருந்த அரசுகளோடு சேர்த்து நோக்கின் இவன் செயல்கள் பலவும் ஒரே நோக்கத்தினின்று பிறந்தவை என்பதும், அந்நோக்கத்திலேயே இவன் குடியின் முடிவிற்குரிய வித்தும் இருந்தது என்பதும் புலனாகும். அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நாடும் குடியும்

காடவராயர் தம்மைப் பல்லவர் வழியினர் எனக் கூறிக்கொண்டவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இவர்கள் சோழப் பேரரசில் அதிகாரிகளாகவும் நாடு காவல் புரிவோராகவும் திருமுனைப்பாடி நாட்டில் படிப்படியாக உயர்ந்தனர். மூன்றாம் குலோத்துங்கன் (கி.பி. 1178 - 1218) காலத்தில் சிற்றரசர்கள் பேரரசனை இடையிற் கொள்ளாது தமக்குள்ளேயே உடன்படிக்கை செய்துகொண்டு, ஒருவர் பகைவர்க்கு மற்றவர் துணை போவதில்லை எனக் கல்லில் வெட்டிவைத்தனர். பேரரசின் காவலை நம்பி வாழ்ந்தோர் தம் காவலைத் தாமே தேடிக்கொள்ளத் தலைப்பட்ட காலம் அது.

சேந்தமங்கலம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் கெடில ஆற்றின் கரையில் உள்ளது. காடவர் நாட்டின் இடவமைப்பு கருதத்தக்கது. வடக்கே தொண்டை மண்டலம். தெற்கே காவிரி நாடு. சோழப் பேரரசின் இவ்விரு பகுதிகளையும் இணைக்கும் வழி இந்நாட்டின் ஊடே சென்றது. இதனைக் கைக்கொண்டவன் சோழனை இரு கூறாகப் பிரிக்கலாம். ஆயின் வடக்கினின்று காவிரி நோக்கி வரும் படையும், தெற்கினின்று காஞ்சி நோக்கிச் செல்லும் படையும் முதலில் மிதிப்பதும் இந்நாட்டையே. காடவனுக்கு வலிமை தந்த இவ்விடமே அவனுக்கு ஓயாத அச்சத்தையும் தந்தது.

சோழனைச் சிறைசெய்தமை

கி.பி. 1216-இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின் மேற் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் அழித்தான். பின்னர்ச் சோழனுக்கே அவன் நாட்டைத் திருப்பித் தந்தான். போசள மன்னன் இரண்டாம் வீரவல்லாளன் சோழனுக்குத் துணையாக வந்தமை இத்திருப்பித் தருதலுக்கு ஒரு காரணமாகும். போசளர் இவ்வுதவியை அருளினால் மட்டும் செய்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. பாண்டியன் காவிரிக் கரையில் நிலைபெறின் அடுத்துத் தாக்குண்பது தம் நாடே என்பதை அவர்கள் அறிவர். சோழநாடு அவர்கட்கு ஒரு மதில். அம்மதில் இடிந்துவிடாமற் காத்தலே அவர்தம் கவலை.

இந்நிலையில் மூன்றாம் இராசராசன் பாண்டியனுக்குத் திறை மறுத்துப் போரிட்டுத் தோற்றான். வடமேற்கே போசளர் துணையை நாடிச் செல்லும் வழியில் கோப்பெருஞ்சிங்கனால் தெள்ளாற்றில் வெல்லப்பட்டுச் சிறையானான். இந்நிகழ்ச்சி கி.பி. 1231-ஐ ஒட்டியது. இதற்கு நமக்குக் கிடைக்கும் கல்வெட்டுச் சான்றுகள் இரண்டு. ஒன்று காடவன் புகழ் பாடும் வயலூர்க் கல்வெட்டு. சோழனைத் தெள்ளாற்றில் வென்று, அவன் அரச சின்னங்களைக் கவர்ந்து, அமைச்சரோடும் சிறையில் வைத்த பெருமையை அது பேசுகின்றது. மற்றொன்று போசளர் புகழ் பாடும் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு. மூன்றாம் இராசராசனது பதினாறாம் ஆட்சியாண்டில் வெட்டப்பெற்றது. கோப்பெருஞ்சிங்கன் சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்துக் கோயில்களையும் அழிக்கின்றான் என்று கேட்ட போசள வீரநரசிம்மன் துவாரசமுத்திரத்தினின்று புறப்பட்டான் என்றும், அவன் தண்டநாயகர் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும் காடவன் ஊர்களை அழித்துச் சேந்தமங்கலத்தை முற்றுகையிட நெருங்கினர் என்றும், அப்போது காடவன் பணிந்து சோழனை விடுவித்தான் என்றும் அது கூறும்.

ஒன்று வெற்றியை மட்டும் கூறி விடுதலையை மறைக்கின்றது. மற்றது பணிவைக் கூறிக் காடவன் நிலைத்து நின்றமையை மறைக்கின்றது. கோயிலை அழித்தவன் எனப் போசளர் கல்வெட்டு சாட்டும் இவனே, தான் பெற்ற வெற்றிப்பொருள் கொண்டு தில்லையில் கீழைக்கோபுரம் எடுத்ததாகத் தன் கல்வெட்டிற் கூறிக்கொள்கின்றான். ஆதலின் ஒருதலையான சான்றினை மட்டும் கொண்டு இவன் பண்பினை அளத்தல் தகாது.

சான்றுகள் இரண்டும் ஒத்துக் கூறும் செய்தி, சோழன் சிறையில் வைக்கப்பட்டான் என்பதே. அவன் கொல்லப்படவில்லை. கொன்றிருப்பின் யாது நேர்ந்திருக்கும்? காவிரி நாடு முழுவதும் பாண்டியன் கையிற் சேர்ந்திருக்கும். அல்லது அதனைத் தடுக்கப் போசளர் தாமே வந்து குடியேறியிருப்பர். இரண்டில் எது நிகழினும் காடவனுக்கு அண்டை அரசனாக அமைபவன் தளர்ந்த சோழனல்லன், வலிய புதியோன். ஆகவே சோழன் வலியிழந்திருத்தல் வேண்டும்; ஆயினும் இருத்தல் வேண்டும். கோப்பெருஞ்சிங்கனது நோக்கம் இதுவே என யாம் கருதுகிறோம். முற்றுகை நெருங்கியவுடன் அவன் சோழனை விடுவித்தமை அச்சத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. சோழனது உயிரை ஒப்படைத்துத் தன் நாட்டை அவன் காத்துக்கொண்டான். போசளரும் சோழனைப் பெற்றபின் காடவனை வேரறுக்க முயலவில்லை. சோழனை மீண்டும் தலையெடுக்க விடாத காடவனும் அவர்கட்கு வேண்டப்பட்டவனே.

இவ்விடத்து ஒன்றைக் கூறாது மேற்செல்லுதல் முறையன்று. போசளர் படை பெண்ணை, கெடிலக் கரைகளில் ஊர்களைச் சுட்டும் அழித்தும் பெண்டிரைப் பிடித்தும் சென்றதைத் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டே பெருமையாகக் கூறுகின்றது. அரசர் இருவரும் தத்தம் நாட்டைக் காத்துக்கொண்டதற்கு அவ்வூர் மக்கள் கொடுத்த விலை அது.

தனியாட்சியும் மாறிய நட்பும்

கி.பி. 1243 முதல் கோப்பெருஞ்சிங்கன் பெயரால் ஆட்சியாண்டு எண்ணப்படுகின்றது. 'சகலபுவனச் சக்கரவர்த்தி', 'அவனியாளப்பிறந்தான்' என்னும் பெயர்கள் வழங்குகின்றன. 1231-இல் சோழனைச் சிறைசெய்தவனும் 1243-இல் முடிபுனைந்தவனும் ஒருவனா, தந்தையும் மகனுமாகிய இருவரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இக்கட்டுரையின் முடிபு அதனைச் சார்ந்ததன்று. ஒருவனாயினும் இருவராயினும் அரசியல் நெறி ஒன்றாகவே தொடர்ந்தமை கல்வெட்டுகளால் தெளிவாகின்றது.

இக்காலத்தே பேரரசுகளும் தம் நட்பை மாற்றிக்கொண்டன. சோழரைக் காத்த போசளர் குடியில் வந்த வீரசோமேசுவரன் காவிரியின் வடகரையில் கண்ணனூரைத் தன் இருக்கையாக்கினான். கி.பி. 1246-இல் ஆட்சியிற் பங்குகொண்ட மூன்றாம் இராசேந்திரன் சோழர் வலிமையை மீட்க முயன்று பாண்டியரை வென்றபோது, அதே சோமேசுவரன் சோழனுக்கு மாறாகப் பாண்டியன் பக்கம் நின்றான். மாமன் எனச் சோழன் அழைத்த உறவும் இதனைத் தடுக்கவில்லை. தளர்ந்தவனைத் தாங்குதலும் தலையெடுப்பவனைத் தாழ்த்துதலும் போசளர் நெறியாக இருந்தன. கோப்பெருஞ்சிங்கன் மேற்கொண்டதும் இந்நெறியே. பேரரசன் இதனைக் கைக்கொண்டால் அரசியல் எனவும், சிற்றரசன் கைக்கொண்டால் வஞ்சகம் எனவும் பெயரிடுதல் நடுநிலையாகாது.

சோழநாட்டுட் குடியேறிய போசளரோடு காடவன் பகை முற்றியது. பெரம்பலூரில் கேசவன், அரிகரன் முதலிய போசளத் தண்டநாயகரை வென்று, அவர்தம் பெண்டிரையும் பண்டாரத்தையும் கைப்பற்றினான். அச்செயலால் வந்த குற்றம் நீங்குதற்பொருட்டுத் திருமுதுகுன்றத்து இறைவனுக்கு மணிகள் அழுத்திய பொன் நெற்றிப்பட்டம் செய்தளித்ததை அவ்வூர்க் கல்வெட்டு உணர்த்துகின்றது. கெடிலக் கரையில் தன் மக்கள் பட்ட துயரையே இவன் பெரம்பலூரில் பிறர்க்குச் செய்தான் எனினும், அது குற்றம் என்னும் உணர்வு கல்லில் எழுதப்பெற்றிருத்தல் நம் கருத்தை ஈர்ப்பதாகும்.

இக்காலத்து விருதுப்பெயர்களும் ஆராயத்தக்கன. போசளர் தம்மைச் சோழ அரசை நிலைநிறுத்திய ஆசிரியர் என்றனர். நெல்லூர்த் தெலுங்குச் சோழன் திக்கனும் அவ்வாறே கூறிக்கொண்டான். கோப்பெருஞ்சிங்கன் 'பாண்டிய மண்டல ஸ்தாபன சூத்திரதாரன்' எனப்பட்டான். பகைவனை வேரறுத்தேன் என்பதினும் மற்றவனை நிலைநிறுத்தினேன் என்பதே பெருமையாகக் கருதப்பட்ட காலம் இது. ஒருவர் நிலைக்க மற்றவரும் ஓரளவு நிலைத்தல் வேண்டும் என்பதை அரசர் அனைவரும் உணர்ந்திருந்தமைக்கு இவ்விருதுகளே சான்று.

பாண்டியர் எழுச்சி

கி.பி. 1251-இல் முதலாம் சடாவர்மன் சுந்தரபாண்டியன் முடிசூடியபின் இந்நிலை மாறியது. அவன் சோழனைத் திறை செலுத்தச் செய்தான். போசளரிடமிருந்து கண்ணனூர்க் கொப்பத்தைக் கைப்பற்றினான். தெலுங்குச் சோழன் கண்டகோபாலனைக் கொன்றான். காகதீய கணபதியின் படையையும் வென்று நெல்லூரில் வீராபிடேகம் செய்துகொண்டான். காடவன் திறை அளிக்க முன்வந்தபோது முதலில் அதனை ஏலாது சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, நாட்டையும் யானை குதிரைகளையும் கவர்ந்து, பின்னர் அவனுக்கே திருப்பியளித்ததாக இப்பாண்டியன் மெய்க்கீர்த்தி கூறும்.

திருப்பியளித்தது ஏன்? வடக்கே தெலுங்கரும் மேற்கே போசளரும் முற்றும் அடங்காத காலத்தில், பெண்ணைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட நிலத்தை அறிந்த ஒருவன் பாண்டியனுக்குத் தேவைப்பட்டான். கி.பி. 1262-இல் கோப்பெருஞ்சிங்கனது கல்வெட்டு கோதாவரிப் பகுதியிலுள்ள திராட்சாராமத்திற் காணப்படுகின்றது. பாண்டியனுக்குத் துணையாக அங்குச் சென்றானா, காகதீயரோடு கொண்ட நட்பினாற் சென்றானா என்பது ஆய்விற்குரியது. எதுவாயினும், கெடிலக் கரையில் தொடங்கிய சிற்றரசு பேரரசுகளின் இடைவெளியிற் புகுந்து கோதாவரி வரை தன் பெயரைப் பொறிக்க முடிந்தது என்பது உறுதி.

முடிவு

ஆனால் அவ்விடைவெளி விரைவில் மறைந்தது. கி.பி. 1268-இல் ஆட்சிக்கு வந்த மாறவர்மன் குலசேகரன் காலத்தில் பாண்டியர்க்கு நிகரான அரசு தமிழகத்தில் இல்லாதொழிந்தது. கோப்பெருஞ்சிங்கனது முப்பத்தாறாம் ஆட்சியாண்டாகிய கி.பி. 1279-ஐ ஒட்டிக் காடவர் கல்வெட்டுகள் நின்றுவிடுகின்றன. மூன்றாம் இராசேந்திரனது ஆட்சியும் அவ்வாண்டிலேயே முடிகின்றது. கண்ணனூர்ப் போசளர் ஆட்சியும் ஏறத்தாழ அப்போதே அகன்றது. காடவர் வீழ்ச்சிக்கு அக்குடியின் பிற்கால வலியின்மையே காரணம் என்பார், மூன்று அரசுகள் ஒருசேர மறைந்தமைக்கு விடை கூறுதல் வேண்டும். அம்மூன்றும் ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டே ஒன்றையொன்று தாங்கியும் நின்றவை. நான்காவது அரசு அவை அனைத்தினும் மேம்பட்டவுடன் தாங்குவாரின்றிச் சாய்ந்தன.

இனி, முதலிற் கூறிய வினாவிற்கு மீள்வோம். பகைவருள் ஒருவனை நட்பாக்குதல் சிறிய அரசைக் காக்கும் என்பதற்குக் கோப்பெருஞ்சிங்கன் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலச் சான்றாவான். ஆயின் அந்நெறி பயன்படுவது பகைவர் இருவராக இருக்கும் வரையிலேயாம். சோழன் இருத்தல் வேண்டும் என உணர்ந்து அவனைக் கொல்லாது விட்ட காடவன், அவன் எத்துணை வலியோடு இருத்தல் வேண்டும் என்பதை அளந்தறியவில்லை. தெள்ளாற்றில் அவன் பெற்ற வெற்றி சோழனை மீள முடியாத தளர்ச்சிக்குள் தள்ளியது. அத்தளர்ச்சி பாண்டியனுக்கு வழி திறந்தது. அவ்வழியே வந்த பேரரசின் நிழலில் சேந்தமங்கலமும் மறைந்தது. ஆதலின் இவனை நன்றியற்றவன் என்றோ பல்லவர் புகழ் மீட்டவன் என்றோ கூறி அமையாது, தன் அரசின் பிழைப்பிற்கு வேண்டிய சமநிலையை நன்கறிந்தும் அதனைத் தன் கையாலேயே குலைத்தவன் எனக் கொள்ளுதலே கல்வெட்டுகளோடு பொருந்துவதாகும் என்பது எம் துணிபு.